பேரரசர் கோ-டைகோ: ஷோகன் ஆட்சியைக் கவிழ்த்தவர் மூன்றே ஆண்டில் ஏன் தோற்றார்?

கேள்வி இதுதான்: இடைக்கால ஜப்பானில் பேரரசர்கள் பொம்மைகளாக இருந்தார்கள், ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள்தான் ஆண்டார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்படியென்றால் கோ-டைகோ என்ற பேரரசர் மட்டும் எப்படி காமகுரா என்ற ஊரிலிருந்து நடந்த ஷோகன் ஆட்சியை ஒழித்தார்? ஒழித்த பிறகு ஏன் மூன்று ஆண்டுகூட நிலைக்கவில்லை?

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. கோ-டைகோ பழமைவாதி, 400 வருஷத்துக்கு முந்தைய பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவரக் கனவு கண்டார், போர்வீரர்கள் அதை ஏற்கவில்லை, கதை முடிந்தது. எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அவருடைய ஆணைகளை வரிசையாகப் பார்த்தால் பழைய மரபை அவர் அளவுக்குக் காலில் போட்டு மிதித்த பேரரசர் வேறு யாரும் கிடையாது. அவர் தோற்ற இடம் வேறு. நிலம் யாருடையது என்று சொல்லும் காகிதத்தை நம்பும்படி கொடுக்க அவரால் முடியவில்லை. போர்வீரர்களுக்கு அந்தக் காகிதம்தான் உயிர்.

முதலில் அவர் வந்த வழியைப் பார்த்துவிடலாம். 1272இல் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-சாகா தனக்குப் பின் யார் என்று தெளிவாகச் சொல்லாமல் இறந்துபோனார். அவருடைய இரண்டு மகன்கள், கோ-ஃபுகாகுசாவும் கமேயாமாவும், இருவருமே ஏற்கெனவே அரியணை ஏறியவர்கள். இருவர் வழியிலும் வாரிசுரிமைச் சண்டை தொடங்கியது. மூத்தவர் வழிக்கு ஜிம்யோயின், இளையவர் வழிக்கு டைகாகுஜி என்று பெயர். இரு தரப்பும் காமகுராவுக்கு ஆள் அனுப்பி நியாயம் கேட்டன. காமகுரா கடைசியில் மாறி மாறி அரியணை ஏறுங்கள் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது.

கோ-டைகோ இளையவர் வழியில் 1288இல் பிறந்தவர், கோ-உடாவின் இரண்டாவது மகன், இயற்பெயர் தகாஹாரு. அண்ணன் கோ-நிஜோ சின்ன வயதிலேயே இறந்துபோனதால், அண்ணன் மகன் வளரும்வரை இடைவெளியை நிரப்ப 1318இல் இவரை உட்காரவைத்தார்கள். அதாவது குடும்பத்தின் கணக்கில் இவர் தற்காலிக ஆள். இவருடைய சொந்த மகன்களுக்கு அரியணை கிடையாது என்பது ஆரம்பத்திலேயே முடிவான விஷயம்.

அன்றைய வழக்கப்படி பேரரசர்கள் சிறுவயதில் பதவியேற்று, விவரம் தெரியும் வயதில் இறங்கிவிடுவார்கள். முந்தைய பேரரசர் ஹனாசோனோ பதவியேற்றபோது பதினொரு வயது. கோ-டைகோவுக்கோ ஏறத்தாழ முப்பது. நன்றாகப் படித்தவர். சூங் காலத்துச் சீனாவிலிருந்து வந்த புதிய கன்ஃபூசியச் சிந்தனையில் ஊறியவர். இவரைப் பொம்மையாக வைத்திருக்க நினைத்தது காமகுராவின் பெரிய தப்புக்கணக்கு.

அந்தக் காலத்து அதிகார அடுக்கு வேடிக்கையானது. மேலே பேரரசர். அவருக்கும் மேலே, பதவி விட்டு இறங்கிய அவருடைய தந்தை. பக்கத்தில் ஃபுஜிவாரா குடும்பத்து அரசப் பிரதிநிதி. கிழக்கே காமகுராவில் ஷோகன், அதுவும் 1252 முதல் தலைநகர் கியோட்டோவிலிருந்து அழைத்துவரப்படும் ஓர் இளவரசர். அவர் பெயரில் ஆள்வது ஹோஜோ குடும்பம். கோ-டைகோ காலத்தில் ஹோஜோ தலைவரான தகாதோக்கி நாய்ச்சண்டையும் கூத்துமாக இருந்தார் என்பார்கள். அவர் பெயரில் காரியம் பார்த்தது அவருடைய வீட்டுக் காரியஸ்தர் நாகாசாகி தகாசுகே. ஆக, ஒரு பொம்மைக்குப் பின்னால் இன்னொரு பொம்மை. 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகளை ஜப்பான் முறியடித்தது சரி, ஆனால் வெளியிலிருந்து வந்த எதிரியை விரட்டியதால் வெகுமதியாகக் கொடுக்க நிலம் எதுவும் மிஞ்சவில்லை. சண்டை போட்ட வீரர்கள் கடனாளிகளாகத் திரும்பினார்கள். காமகுராவின் மேல் கசப்பு அப்போதே ஊறத் தொடங்கிவிட்டது.

1321இல் தந்தை கோ-உடா அரசு வேலையை முழுவதும் மகனிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். கோ-டைகோ பதிவேட்டு அலுவலகத்தை மறுபடி உயிர்ப்பித்து, நில வழக்குகளைத் தானே கேட்கத் தொடங்கினார். எதிர்த்தரப்பான ஹனாசோனோவே தன் நாட்குறிப்பில் இந்த நிர்வாகத்தைப் பாராட்டி எழுதியிருக்கிறார். அதே நாட்குறிப்பில்தான் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கோ-டைகோவுக்கு நெருக்கமான ஹினோ சுகேதோமோ, ஹினோ தோஷிமோட்டோ ஆகியோர் ஒரு கூட்டம் கூடுகிறார்களாம். தொப்பி இல்லை, அரசவை உடை இல்லை, கிட்டத்தட்ட அம்மணம், தேநீர் குடித்துக் கொண்டாட்டம். பதவி வித்தியாசம் பார்க்காமல் உட்கார்வதற்கு அது ஒரு வழி. அரசவையில் தொப்பியின் வடிவமே ஒருவருடைய தகுதியைச் சொல்லிவிடும். அதைக் கழற்றிவிட்டால் பிரபுவும் ஒன்றுதான், சாதாரணப் போர்வீரனும் ஒன்றுதான். சதிக்கு ஆள் பிடிக்க இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

1324இல் அந்தச் சதி வெளியானது. கூட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு வீரன் தன் மனைவியிடம் உளறிவிட்டான், அவள் தன் தந்தையிடம் சொன்னாள், தந்தை கியோட்டோவில் காமகுராவின் கண்காணிப்பு அலுவலகமான ரோகுஹாராவில் வேலை பார்த்தவர் என்கிறது தைஹெய்கி காவியம். இரண்டு வீரர்கள் கொல்லப்பட்டார்கள், சுகேதோமோ சாடோ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். "எனக்கு எதுவும் தெரியாது" என்று கோ-டைகோ காமகுராவுக்குத் தூது அனுப்பினார், காமகுராவும் நம்பியதுபோல் இருந்துவிட்டது. முளையிலேயே கிள்ளியிருக்க வேண்டிய விஷயம். காமகுராவுக்கு அப்போது அந்தத் தெம்பு இல்லை.

1326இல் அண்ணன் மகன் இறந்தான். தன் மகனைப் பட்டத்து இளவரசனாக்கலாம் என்று கோ-டைகோ எதிர்பார்த்தார். காமகுரா மாறி மாறி ஏறும் ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு, எதிர்வழியைச் சேர்ந்த கசுஹிட்டோவைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாளுக்குப் பிறகு கோ-டைகோவுக்கு வேறு வழியே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அரசியின் பிரசவம் நல்லபடி நடக்க என்று சொல்லி அரண்மனையில் நீண்ட காலம் தாந்திரீகப் பூஜைகள் நடந்தன. உண்மையில் அவை காமகுரா நாசமாகச் செய்த பூஜைகள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. கையில் வஜ்ராயுதமும் மணியும் பிடித்து, துறவியின் மேலாடை போர்த்தி அவர் உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஃபுஜிசாவா ஊரில் ஷோஜோகோ-ஜி ஆலயத்தில் இருக்கிறது. ஆளும் பேரரசர் ஒருவரை இப்படி வரைந்த வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

1331இல் இரண்டாவது சதியைக் காட்டிக்கொடுத்தது பேரரசரின் சொந்த ஆளான யோஷிடா சாடாஃபுசா. அவரைத் துரோகி என்று சொல்லிவிட முடியாது. எஜமானர் அழிந்துபோவார் என்ற பயத்தில் செய்தார் என்றே பலரும் கருதுகிறார்கள். கோ-டைகோ இரவோடு இரவாக அரண்மனையை விட்டு நழுவினார். எதிரியின் கண்ணைக் கட்ட, காசானின் மொரோகாடா என்ற பிரபு பேரரசரின் உடையில் ஹியேய் மலைக்குப் போனார். மலைமேல் இருந்த துறவிப் படை "பேரரசரே வந்துவிட்டார்" என்று உற்சாகமாகச் சண்டை போட்டது. அப்புறம் காற்றில் திரை விலகியது, உள்ளே இருப்பது வேறு ஆள் என்று தெரிந்தது, படை கலைந்துபோனது. உண்மையான பேரரசர் அதற்குள் நாரா வழியாக கசாகி மலைக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு மாதம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. மலை வீழ்ந்து, சோறு தண்ணியில்லாமல் காட்டில் அலைந்துகொண்டிருந்தவரைப் பிடித்தார்கள். காமகுரா கசுஹிட்டோவைப் பேரரசர் கோகோன் ஆக்கி, 1332இல் கோ-டைகோவை ஒகி தீவுக்கு அனுப்பியது. 1221இல் இதே போல் காமகுராவை எதிர்த்துத் தோற்ற பேரரசர் கோ-டோபாவை அனுப்பியதும் ஒகிக்குத்தான். அவர் அங்கே பதினெட்டு ஆண்டு கவிதை எழுதிக்கொண்டிருந்து 1239இல் இறந்தார். இவரும் அப்படியே அடங்கிவிடுவார் என்று நினைத்தார்கள்.

இவர் ஓர் ஆண்டுகூட அங்கே இருக்கவில்லை. 1333இன் ஆரம்பத்தில் சிகுசா தடாகி என்ற பிரபுவுடன் படகேறித் தப்பினார். துரத்திய படகுகள் நெருங்கியபோது, படகோட்டிகள் இருவரையும் அடித்தட்டில் படுக்கவைத்து, மேலே கருவாட்டு மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று துடுப்புப் போட்டார்களாம். சோதனைக்கு வந்தவர்களிடம், "அதோ, தொப்பி போட்ட ரெண்டு பேர் ஏறின படகு இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு" என்று கைகாட்டி அனுப்பினார்கள். இதுவும் தைஹெய்கி சொல்வதுதான், அந்தக் காவியத்துக்குக் கொஞ்சம் மசாலா பிடிக்கும். ஆனால் அவர் ஹோக்கி கரையில் இறங்கியதும், நாவா நாகாதோஷி என்ற உள்ளூர்த் தலைவர் அவரைச் செஞ்ஜோ மலைக்குத் தூக்கிப்போய்க் காத்ததும் வரலாறு.

இந்த மலையில் இருந்த நாட்களைச் சேர்ந்த ஒரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரரசரின் ஆணைக்கு ரின்ஜி என்று பெயர். அதைப் பேரரசர் எழுத மாட்டார். அவர் சொல்ல, செயலர் எழுதி, "அரச வாக்கு இவ்வாறு" என்று முடித்துத் தன் பெயரில் கையெழுத்திடுவார். தாளும் பெரிய தாள் கிடையாது. பழைய எழுத்துத் தாள்களைக் கூழாக்கி மறுபடி செய்தது, பழைய மை முழுதாகப் போகாததால் சாம்பல் நிறமாக இருக்கும். நடுவில் எந்த அலுவலகமும் தேவையில்லை, அன்றைக்கே எழுதி அன்றைக்கே அனுப்பிவிடலாம். கோ-டைகோவுக்கு இது மிகவும் பிடித்த கருவி. 1333இன் மூன்றாம் மாதம் அவர் இசுமோ பெருங்கோயிலுக்கு ஒரு ரின்ஜி அனுப்பினார். அரச வாளுக்குப் பதிலாகக் கோயிலில் உள்ள வாள்களில் ஒன்றைத் தரும்படி கேட்டு. அதில் கையெழுத்து தடாகியுடையது, எழுத்தோ பேரரசருடையது. செயலர் எழுதுவது போன்ற தோரணையில் அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் தாள் இன்னும் அந்தக் கோயிலிடம் இருக்கிறது. தன் ஆணையைத் தானே எழுதும் பேரரசர் என்பதிலேயே அவருடைய குணம் முழுவதும் தெரிகிறது. பின்னால் அவரை மூழ்கடித்ததும் இந்தக் குணம்தான்.

இதற்கிடையே கவாச்சி மலைப்பகுதியில் குசுநோகி மசாஷிகே என்ற பேரரசர் பக்கத்து வீரர் சிஹாயா கோட்டைக்குள் சிறு படையோடு உட்கார்ந்து, காமகுராவின் பெரும்படையைத் திணறடித்துக்கொண்டிருந்தார். பாறையையும் மரத்தையும் உருட்டினார், வைக்கோல் பொம்மைகளுக்குக் கவசம் மாட்டி எதிரியின் அம்பை வீணடித்தார். கோ-டைகோவின் மகன் இளவரசர் மோரியோஷி, முன்பு ஹியேய் மலையில் தலைமைத் துறவியாக இருந்தவர், நாடெங்கும் ஆணை அனுப்பிப் படை திரட்டினார். சிஹாயாவை இத்தனை பெரிய படையாலும் பிடிக்க முடியவில்லை என்ற செய்தி பரவியதும் காமகுராவின் மேலிருந்த பயம் போய்விட்டது.

காமகுரா அனுப்பிய தளபதி அஷிகாகா தகாவுஜி, வழியிலேயே கட்சி மாறி ரோகுஹாராவைத் தாக்கினார். கிழக்கே நிட்டா யோஷிசாடா என்ற இன்னொரு போர்வீரத் தலைவர் காமகுராவுக்குள் புகுந்தார். அந்த ஐந்தாம் மாதத்திலேயே எல்லாம் முடிந்தது. ஹோஜோ தகாதோக்கியும் அவரைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்களும் தோஷோ-ஜி ஆலயத்தில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார்கள். ஏறத்தாழ 150 ஆண்டு நின்ற அரசு, தகாவுஜி கட்சி மாறியதிலிருந்து ஒரு மாதத்துக்குள் இல்லாமல் போனது. கவனியுங்கள், இதைச் செய்தது பேரரசரின் படை இல்லை. அவரிடம் படையே கிடையாது. காமகுராவின் சொந்த ஆட்களே அதைக் கைகழுவினார்கள்.

கியோட்டோ திரும்பிய கோ-டைகோ, தான் பதவி இழக்கவே இல்லை என்றார். கோகோன் பேரரசராக இருந்த காலம் செல்லாது, அவர் கொடுத்த பதவிகள் செல்லாது. அரசப் பிரதிநிதிப் பதவியையே தூக்கினார். 1334இல் ஆட்சியாண்டுக்குக் கென்மு என்று பெயர் வைத்தார். சீனாவில் ஹான் வம்சத்தை மீட்ட குவாங்வூ பேரரசர் வைத்த பெயர் அது. அதில் போரைக் குறிக்கும் எழுத்து வருகிறதே, அபசகுனம் என்று பிரபுக்கள் முணுமுணுத்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோ-டைகோ என்ற பெயரே அவர் தனக்குத்தானே முன்கூட்டி வைத்துக்கொண்டது. பொதுவாக இறந்த பிறகு மற்றவர்கள் வைக்கும் பெயர் அது. பத்தாம் நூற்றாண்டில் அரசப் பிரதிநிதி இல்லாமல் ஆண்ட டைகோவைப் போல் இரண்டாம் டைகோவாக இருக்க விரும்பினார்.

அவரைப் பழமைவாதி என்று சொல்பவர்கள் இந்தப் பெயரைத்தான் காட்டுவார்கள். நான் வேறொன்றைக் காட்டுவேன். பைஷோரோன் என்ற அக்காலத்துப் போர் வரலாற்று நூல் அவர் வாயில் வைக்கும் வாக்கியம்: "இன்றைய மரபு அன்றைய புதுமை. என் புதுமை நாளைய மரபாகும்." அந்த நூல் தகாவுஜி பக்கம் சாய்ந்தது, அதனால் இதைப் புகழ்ச்சியாக எழுதவில்லை. ஆனால் செயலும் இதற்கு ஒத்துத்தான் வருகிறது. சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்துபோல் ஆகியிருந்த மாகாண ஆளுநர் பதவிகளைப் பிடுங்கி, விரும்பியவருக்குக் கொடுத்தார். மிக உயர்ந்த பிரபுக்களைத் துறைத் தலைவர்களாக இறக்கினார். காசும் தாள்பணமும் வெளியிட அறிவித்தார். கென்கோன் சூஹோ என்று காசுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது, திட்டம் திட்டமாகவே நின்றுபோனது. புதிய பேரரண்மனை கட்ட, நிலமேலாளர்களின் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரி என்றார், போர் ஓய்ந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரத்தில்.

இனி நிலக் காகித விவகாரம். காமகுரா 1232இல் 51 விதிகள் கொண்ட சட்டம் ஒன்றை எழுதிவைத்திருந்தது. அதன் எட்டாம் விதி, ஒரு நிலத்தை இருபது ஆண்டு தொடர்ந்து அனுபவித்தவரை, எப்படி வந்தது என்று கிளறி எழுப்பக்கூடாது என்றது. போர்வீரக் குடும்பங்களின் நிம்மதி இந்த ஒரு வரியில் இருந்தது. கோ-டைகோ வந்ததும், எல்லோருடைய நில உரிமையும் புதிதாக என் ரின்ஜியால் உறுதியாக வேண்டும் என்று அறிவித்தார். இருபது ஆண்டு விதி காற்றில் பறந்தது. மூன்று தலைமுறைக்கு முன் நிலம் பறிபோனவனின் பேரன்கூட மனுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விளைவு தெரிந்ததுதானே. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் கையில் பழைய பத்திரங்களோடு கியோட்டோவுக்கு ஓடிவந்தார்கள். பயிர் வேலையை விட்டு, வட்டிக்கு வாங்கி, தலைநகரில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் ரின்ஜி வைத்திருந்தார்கள். சாம்பல் தாள், செயலர் கையெழுத்து, முத்திரை கிடையாது, ஆகவே போலி செய்வதும் கஷ்டமில்லை. ஓரிரு மாதத்துக்குள்ளேயே ஆணையை மாற்ற வேண்டியதாயிற்று. ஹோஜோ தரப்பாரின் நிலம் போக மற்றவை இப்போது வைத்திருப்பவருக்கே, உறுதிசெய்வது மாகாண அளவில், என்று இறங்கிவந்தார். வழக்குகளைப் பார்க்க சஸ்ஸோ கெட்சுதான்ஷோ என்ற நீதிமன்றம் வைத்தார். முதலில் நான்கு பிரிவு, அடுத்த ஆண்டு எட்டு. நூறு பேருக்கு மேல் அதில் உட்கார்ந்தார்கள். பரம்பரைப் பிரபுக்களோடு மசாஷிகேயும் நாகாதோஷியும் தகாவுஜியின் காரியஸ்தர்களும் காமகுராவில் வேலை பார்த்த பழைய எழுத்தர்களும் ஒரே கூரையின் கீழ். யோசனை மோசமில்லை, சொல்லப்போனால் நல்ல யோசனை. ஆனால் இங்கே தீர்ப்பு ஒன்று சொல்லும், அந்தப்புரத்தின் வழியாக வாங்கிய ரின்ஜி வேறொன்று சொல்லும். ஒகி தீவுக்கு அவருடன் கூடவே போய் வந்த ஆனோ ரென்ஷியின் சிபாரிசு இருந்தால் போதும் என்று ஊரே பேசியது.

1334இல் கியோட்டோவில் நிஜோ ஆற்றங்கரையில், பேரரசரின் இருப்பிடத்துக்குப் பக்கத்திலேயே, யாரோ ஒரு கேலிப்பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அதன் தொடக்கம் ஏறத்தாழ இப்படி: "இப்போது தலைநகரில் பரவலாக இருப்பவை: இரவுத் தாக்குதல், கொள்ளை, போலி ரின்ஜி." தொடர்ந்து கைதிகள், அவசரக் குதிரைகள், வீண் கலவரம், புதிதாய் வெட்டிய தலை, திடீர்ப் பிரபு என்று பட்டியல் போகிறது. சொந்த நிலத்தைப் பிரிந்து, பத்திரம் அடங்கிய பெட்டியைச் சுமந்து வழக்குக்கு வந்தவனும் அதில் வருகிறான். ஆட்சி தொடங்கி ஒன்றே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் அரசவையை உள்ளிருந்து பார்த்தவர் என்பது தெரிகிறது.

வெகுமதி விஷயத்திலும் இதே குழப்பம். உயிரைப் பணயம் வைத்து முதலில் எழுந்தவர்களில் ஒருவரான அகாமாட்சு என்ஷினுக்கு ஹரிமா மாகாணம் கிடைத்துப் பறிபோய், கடைசியில் ஒரே ஒரு பண்ணை மிஞ்சியது. அவர் அப்புறம் யார் பக்கம் போனார் என்பதைச் சொல்கிறேன். இளவரசர் மோரியோஷி ஷோகன் பதவியைக் கேட்டு வாங்கினார், தகாவுஜியைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார், 1334இல் சொந்தத் தந்தையின் அரண்மனையிலேயே கைதாகி, தகாவுஜியின் தம்பி தடாயோஷியிடம் காமகுராவுக்கு அனுப்பப்பட்டார். தன் மகனை எதிரியின் கையில் கொடுத்தது கோ-டைகோ செய்ததிலேயே எனக்கு விளங்காத காரியம். சதி தன் அனுமதியோடு நடந்ததை மறைக்க மகனைக் கைவிட்டார் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆதாரம் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

தகாவுஜியை அவர் நடத்திய விதமும் விசித்திரம். தன் பெயரான தகாஹாருவிலிருந்து முதல் எழுத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தார், எல்லையற்ற மரியாதை. ஆனால் முக்கியமான அலுவலகம் எதிலும் அவருக்கு இடமில்லை. "தகாவுஜி இல்லை" என்று பிரபுக்கள் கண்ணைக் காட்டிப் பேசிக்கொண்டார்களாம். 1335இல் செத்துப்போன ஹோஜோ தகாதோக்கியின் மகன் தோகியுகி திடீரென்று படையோடு வந்து காமகுராவைப் பிடித்தான். பின்வாங்கும்போது தடாயோஷி, சிறையிலிருந்த மோரியோஷியைக் கொன்றுவிட்டே கிளம்பினார். தகாவுஜி ஷோகன் பட்டம் கேட்டார், பேரரசர் தரவில்லை, தகாவுஜி அனுமதி இல்லாமலே கிழக்கே போனார், தோகியுகியை விரட்டினார். பிறகு திரும்பி வராமல் காமகுராவிலேயே உட்கார்ந்து தன்னோடு சண்டை போட்டவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார். இதுதான் திருப்பம். அரசரின் காகிதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல், சண்டை முடிந்த கையோடு காகிதம் கிடைத்தது.

1336 ஆரம்பத்தில் தகாவுஜி கியோட்டோவைப் பிடித்தார், வடக்கே முட்சுவிலிருந்து ஓடோடி வந்த பேரரசர் தரப்புத் தளபதி கிட்டபட்டாகே அகியியேயும் மசாஷிகேயும் யோஷிசாடாவும் சேர்ந்து அவரைத் துரத்தினார்கள். தோற்று மேற்கே ஓடும் நேரத்தில் அவர் செய்த இரண்டு காரியங்கள்தான் அவரைக் காப்பாற்றின. ஒன்று, 1333க்குப் பின் கோ-டைகோ பறித்த நிலங்கள் எல்லாம் பழைய உரியவர்களுக்கே திரும்பக் கிடைக்கும் என்று அறிவித்தார். இன்னொன்று, ஒதுக்கப்பட்ட பேரரசர் கோகோனிடம் ஆணை வாங்கினார். அதனால் அவர் கலகக்காரர் என்ற பெயர் போய், இன்னொரு பேரரசரின் தளபதி ஆனார். இந்த ஆணையை வாங்கச் சொல்லி யோசனை கொடுத்தவர் அகாமாட்சு என்ஷின் என்பார்கள். அவரேதான் ஹரிமாவில் ஷிராஹாடா கோட்டையில் யோஷிசாடாவின் படையை ஐம்பது நாள் கட்டிப்போட்டு, தகாவுஜி கியூஷுவில் படை சேர்க்க நேரம் வாங்கிக்கொடுத்தார். ஒரே ஒரு பண்ணையோடு அனுப்பப்பட்ட அதே ஆள்.

தகாவுஜி கடல்வழியாகத் திரும்பியபோது மசாஷிகே கொடுத்த ஆலோசனை பற்றி இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. யோஷிசாடாவை விட்டுவிட்டுத் தகாவுஜியோடு சமாதானம் பேசுங்கள், மக்கள் மனம் அவர் பக்கம் இருக்கிறது என்று சொன்னதாக பைஷோரோன். தலைநகரைக் காலி செய்து உள்ளே விட்டு, உணவு வரும் வழியை அடைத்துவிடலாம் என்று சொன்னதாக தைஹெய்கி. ஓர் ஆண்டில் இரண்டாம் முறை பேரரசர் ஊரை விட்டுப் போனால் கௌரவம் என்னாவது என்று ஒரு பிரபு மறுத்தாராம். எதுவானாலும் அவர் பேச்சு எடுபடவில்லை. ஐந்தாம் மாதம் மினாதோகாவாவில், இன்றைய கோபே நகரில், மசாஷிகே தோற்று உயிரை மாய்த்துக்கொண்டார். கோ-டைகோ ஹியேய் மலைக்கு ஏறினார், பிறகு இறங்கிவந்து தகாவுஜி உட்காரவைத்த கோம்யோ பேரரசரிடம் அரசச் சின்னங்களைக் கொடுத்தார், ஒரு மாதம்போல் இருந்துவிட்டுத் தெற்கே யோஷினோ மலைக்குத் தப்பினார். "நான் கொடுத்தது போலி, உண்மையான வாளும் கண்ணாடியும் மணியும் என்னிடம்தான்" என்றார். அன்று தொடங்கி 1392 வரை ஜப்பானுக்கு இரண்டு பேரரசர்கள், இரண்டு ஆட்சியாண்டுகள். ஒரே குடும்பத்தில் அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று சேர்ந்துகொள்ள, எந்தச் சொத்துத் தகராறுக்கும் ஒரு பேரரசரின் ஆதரவு கிடைத்தது. சண்டை இத்தனை காலம் இழுத்ததற்கு அதுவும் காரணம்.

1338இல் அகியியேயும் யோஷிசாடாவும் சில மாத இடைவெளியில் போரில் விழுந்தார்கள். அகியியேக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு பேரரசருக்கு அவர் எழுதிய மனுவின் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரியைத் தள்ளுபடி செய்யுங்கள், அரண்மனை கட்டுவதை நிறுத்துங்கள், தகுதியில்லாதவர்களுக்குப் பதவியை வாரிக் கொடுக்காதீர்கள், பயணமும் விருந்தும் போதும், சட்டத்தைக் காலையில் போட்டு மாலையில் மாற்றாதீர்கள், ஆட்சியில் பெண்களும் துறவிகளும் தலையிடுவதைத் தடுங்கள். எதிரி எழுதியதில்லை இது. அவருக்காகவே உயிரைக் கொடுக்கப்போகும் தளபதி எழுதியது. இளைஞனின் தந்தை கிட்டபட்டாகே சிகாஃபுசாவும் யோஷினோவில் இருந்த தென்னரசவையே உண்மையானது என்று நிறுவ எழுதிய ஜின்னோ ஷோடோகி நூலில் கோ-டைகோவின் வெகுமதிகளைக் குறை சொல்லத் தயங்கவில்லை. ஏன் தோற்றார் என்ற கேள்விக்கு இந்த இரண்டு பேரையும்விட நல்ல சாட்சி கிடையாது.

கோ-டைகோ 1339இல், எட்டாம் மாதம், மகன் கோ-முரகாமிக்குப் பட்டத்தைக் கொடுத்த மறுநாள் யோஷினோவில் இறந்தார். ஐம்பது வயது. ஒரு கையில் தாமரைச் சூத்திரம், மறு கையில் வாள், உடல் இங்கே மண்ணானாலும் ஆவி வடக்கே தலைநகரைப் பார்த்திருக்கும் என்று சொல்லி இறந்ததாக தைஹெய்கி எழுதுகிறது. செய்தி கேட்டுத் தகாவுஜி நிஜமாகவே கலங்கினார் என்றுதான் தோன்றுகிறது. முசோ சோசேகி துறவியின் யோசனைப்படி கோ-டைகோவின் ஆன்மசாந்திக்காக கியோட்டோவில் தென்ரியூ-ஜி ஆலயம் கட்டினார், செலவுக்குப் பணம் போதாமல் சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பினார்கள். ஆவிக்குப் பயந்தும் இருக்கலாம், பாசமும் இருக்கலாம்.

1392இல் மூன்றாம் ஷோகன் யோஷிமிட்சு, இனி இரு வழியும் மாறி மாறி ஆளலாம் என்று வாக்குக் கொடுத்துத் தென்னரசவையின் சின்னங்களை வாங்கிக்கொண்டார். வாக்கு காப்பாற்றப்படவில்லை. இன்றுவரை அரியணையில் வருவது வடக்கு வழிதான், அதாவது கியோட்டோ அரசவையின் வழி. ஆனால் 1911இல் பள்ளிப் பாடநூலில் இரண்டு அரசவைகளையும் சமமாக எழுதியதற்கு நாடாளுமன்றம்வரை சண்டை போய், தெற்கே முறையானது என்று அரசு முடிவு செய்தது. வடக்கு வழியில் வந்த மெய்ஜி பேரரசர் அப்போது ஆண்டுகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாடநூல்கள் மறுபடி "வட, தென் அரசவைகள்" என்றே எழுதுகின்றன.